ஜெயம்மாளின் இடது கை

ஜெயம்மாளுக்கு முடி ஜாஸ்தி. சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை காலையில் நீலமாகவும் சாயங்காலம் கறுப்பாகவும் தெரிகிற அந்த ஊரில் இதைச் சொல்லாதவர்கள் கிடையாது. உட்கார்ந்து தலை சீவினால் தரையில் புரளும். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு ஈர முடியை விரித்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாளானால், கள்ளக்குறிச்சி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பெண்கள்கூட ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஓடுவார்கள்.

"இன்னா போட்டுக் குளிக்கிறக்கா?"

"சீயக்காதாண்டி, வேற இன்னா?" என்பாள். வெந்தயமும் செம்பருத்தி இலையும் சேர்த்து அரைப்பதைச் சொல்ல மாட்டாள். அந்த விஷயத்தில் அவள் கஞ்சம்.

மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்ப்பார்கள், பெண் பார்க்கப் போனால் முடியைப் பார்ப்பார்கள். பதினைந்து வயதில் அவளைப் பார்க்க வந்தபோது நாராயணசாமியின் அம்மா பின்னலைக் கையில் பிடித்து இழுத்தே பார்த்தாளாம், சவுரி வைத்திருக்கிறாளோ என்று. வலித்தது, ஆனால் ஜெயம்மாள் தேறிவிட்டாள். மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று அவளை ஒருத்தரும் கேட்கவில்லை. பிள்ளைக்கு அன்புச்செல்வன் என்று பெயர் வைக்கும்போதும் கேட்கவில்லை. மேல்வயலில் கரும்பு வைக்கலாமா நெல் வைக்கலாமா என்றும் கேட்கவில்லை. நாராயணசாமி கெட்டவர் இல்லை. கள்ளக்குறிச்சிக்குப் போனால் பஸ் ஸ்டாண்டில் கனகாம்பரம் வாங்கி, வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு வருவார். அவளுக்கு மல்லிகைதான் பிடிக்கும். அதையும் அவர் கேட்டது கிடையாது.

கேட்கப்படாதவர்களுக்கு அதிகாரம் பண்ண ஆசை வரும். ஜெயம்மாளுக்கும் வந்தது. வயலில் நடவுப் பெண்கள்மேல் பண்ணினாள், வீட்டில் மருமகள் ராதிகாமேல் பண்ணினாள். காலனியிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் தெரு வழியாக வரக்கூடாது. பின்னால் சுற்றி, வைக்கோல் போரை ஒட்டி மாட்டுக்கொட்டாய் வழியாகத்தான் வர வேண்டும். தண்ணீர் கேட்டால் அவர்கள் இரண்டு கையையும் குவிக்க வேண்டும், இவள் உயரத்திலிருந்து ஊற்றுவாள். இதெல்லாம் அவள் கண்டுபிடித்தது இல்லை, தெருவில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் இவள் வீட்டில் கொஞ்சம் கறாராக இருந்தது. ராதிகா சின்னசேலத்திலிருந்து வாழ வந்த முதல் வாரத்திலேயே ஜெயம்மாள் அவளிடம் சொல்லிவிட்டாள்: "காலனிக்காரி கை பட்டா மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டுத்தான் மத்த வேல. மறந்துடாத."

ராதிகா மறக்கவில்லை.

எண்பத்தேழாம் வருஷம் சித்திரையில், களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தபோது ஜெயம்மாளின் வலது கையிலிருந்து முறம் நழுவியது. குனிந்து எடுக்கப் போனாள், அப்படியே சரிந்தாள். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. வாய் கோணிக்கொண்டது. உள்ளே வார்த்தை முழுசாக இருக்கிறது, வெளியே வரும்போது கூழாகிவிடுகிறது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, "இனிமே வூட்டுல வச்சுப் பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது என்று சொல்ல ஒரு மூச்சு போதும். யார் பார்ப்பது? நாராயணசாமி ஆம்பிளை, பொண்டாட்டியின் பீத்துணியைத் தொடுவாரா? அன்புச்செல்வன் பெற்ற தாயை அந்தக் கோலத்தில் பார்க்கலாமா? ராதிகா முழுகாமல் இருந்தாள், தூக்கக் கூடாது. சொந்தக்காரப் பெண்கள் பன் பாக்கெட்டும் கண்ணீருமாக வந்தார்கள், ஆளுக்கு ஒரு வேளை கஞ்சி கொடுத்தார்கள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பினார்கள். கடைசியில் எல்லாருக்கும் ஒரே பெயர்தான் ஞாபகம் வந்தது. பாப்பாத்தியைக் கூப்பிடு.

பாப்பாத்தி காலனிப் பெண். சிறுமியாக இருந்ததிலிருந்து இவர்கள் வயலில் நடவு நட்டு, கரும்பு வெட்டிக் கட்டு தூக்கிய கை அவளுக்கு. ஜெயம்மாளை ஒரே மூச்சில் புரட்டிப் போடுவாள். ஆனால் அவள் வீட்டுக்குள் நடந்து வரக்கூடாதே. அதற்காக ஜெயம்மாளின் கட்டிலைப் பின்கட்டு அறைக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள், மாட்டுக்கொட்டாய்க் கதவை ஒட்டி. பாப்பாத்தி கொட்டாய் வழியாக வந்து அப்படியே போய்விடலாம். வசதிதான். ஜெயம்மாள் போட்ட கறாருக்கு ஜெயம்மாளே தன் வீட்டை இழந்தாள். அந்த அறையின் ஜன்னலில் ஒரு பசுவின் முதுகும் வைக்கோல் போரின் மூலையும் தெரியும். மலை தெரியாது, தெரு தெரியாது.

பாப்பாத்தி காலையில் வந்து குளிப்பாட்டி, துணி மாற்றி, புரட்டிப் படுக்கவைத்து, துணிகளை வாரிக்கொண்டு போவாள். அவள் தலை மறைந்ததும் ராதிகா செம்பில் மஞ்சள் தண்ணீரோடு வருவாள். கட்டில்மேல் தெளிப்பாள், தரையில் தெளிப்பாள், ஜெயம்மாளின் முகத்தில் தெளிப்பாள். அதற்கு அப்புறம்தான் கஞ்சி. முதல் நாள் அந்தத் தண்ணீர் கண்ணில் பட்டபோது ஜெயம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தீட்டுப் பட்ட சாமானைப் போல அவளை வைத்திருந்தார்கள். ராதிகாவைத் திட்டக்கூட வழியில்லை. சொன்னபடிதானே செய்கிறாள், அதுவும் மாமியார் மெச்ச வேண்டுமென்று ஒரு சொட்டுகூடக் குறைக்காமல்.

பாப்பாத்தியின் கை முதலில் அவளுக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொள்வாள். ஒரு நாள் குளிப்பாட்டி முடித்ததும் பாப்பாத்தி கொடியிலிருந்து இரண்டு புடவையை எடுத்து வந்து முன்னால் நீட்டினாள்.

"பச்சையாங்கம்மா, செவப்பா?"

ஜெயம்மாள் கண்ணைத் திறந்தாள். கேலி பண்ணுகிறாளா என்று பார்த்தாள். பாப்பாத்தி இரண்டு கையிலும் புடவையோடு நின்றுகொண்டிருந்தாள், அவசரமில்லாமல். மாட்டுக்கு எப்போது தண்ணீர் காட்டுவது என்று வெளியே நாராயணசாமி யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பாப்பாத்தி நின்றுகொண்டேயிருந்தாள். ஜெயம்மாளின் இடது கை மெல்ல எழுந்து பச்சையைக் காட்டியது.

அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் அதுதான். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுக்கறீங்களா, ஜன்னல் பக்கமா? கொண்டையா, பின்னலா? வாயால் வராவிட்டால் என்ன, இடது கைக்கு ஒன்றும் ஆகவில்லையே. ஐம்பது வயதைத் தொடப்போகிற ஒருத்திக்கு முதல் தடவையாக ஒருத்தி விருப்பம் கேட்கிறாள், அவளும் பின்வாசல் வழியாக வருகிறவள். ஜெயம்மாளுக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, கேவலமாகவும் இருந்தது. ஆனாலும் காலையில் கண் விழித்ததும் கொட்டாய்ப் பக்கம் காது போய்விடும்.

முடியைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தது ஆடி மாசம். ராதிகாவின் அம்மா பார்க்க வந்தவள், "படுத்துக் கெடக்கறவங்களுக்கு இன்னாத்துக்கு இம்மாம் முடி? ஒட்டக் கத்தரிச்சுட்டா பாக்கறவங்களுக்கு லேசு" என்றாள். நாராயணசாமி தலையை ஆட்டினார். பேசுவதெல்லாம் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டுதான். நடுவில் படுத்திருப்பவள் கட்டை மாதிரி. ஜெயம்மாள் குழறிக் குழறிக் கத்தினாள். "கஞ்சி கேக்குறாங்க" என்றார்கள். கழுத்தில் தாலி இருக்கும்போது மொட்டையாவதா? அதைவிடச் செத்தாலும் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது. அப்போது கொட்டாய்க் கதவுக்கு வெளியிலிருந்து பாப்பாத்தி சொன்னாள்:

"நான் சிக்கெடுத்துக்கறேங்க. முடியால ஒங்களுக்கு ஒரு வேலையும் வராது."

முடி பிழைத்தது. பாப்பாத்தி வருகிற வரைக்கும் அது இருக்கும், அவள் வராவிட்டால் இருக்காது. ஜெயம்மாளுக்கு அது தெரியும்.

புரட்டாசி பிறந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று சாதிச் சங்கத்தில் அறிவித்திருந்தார்கள். ஊர் ஆம்பிளைகள் அரிவாளும் ரம்பமுமாகப் போய் ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். கள்ளக்குறிச்சிக்குப் பஸ் இல்லை, சங்கராபுரத்துக்கு இல்லை, சேலம் ரோடே செத்துக் கிடந்தது. அன்புச்செல்வன் முதல் ஆளாக நின்றான். அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நிலம் வைத்துக்கொண்டும் கடனில் கிடக்கிற சனம், படித்த பிள்ளைகள் வேலை இல்லாமல் வரப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், கேட்காமல் என்ன செய்வார்கள்? அன்புச்செல்வன் சாப்பாட்டுக்கு வந்தபோது கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் பேசினான்.

"மத்தவங்களுக்குச் சமமா நடத்துன்னுதான கேக்குறோம். எத்தினி நாளைக்கு நம்மள ஓரமாவே நிக்க வப்பாங்க?"

அந்த நேரத்தில் பாப்பாத்தி கொட்டாய் ஓரத்தில் இரண்டு கையையும் குவித்துக்கொண்டு நின்றாள். ராதிகா உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றினாள். ஜெயம்மாள் கட்டிலில் படுத்தபடி இரண்டையும் கேட்டாள், மகன் பேசியதையும் தண்ணீர் விழுந்ததையும்.

மறியல் நடுவில் எங்கேயோ கூரை எரிந்ததாகப் பேச்சு கிளம்பியது. யார் கூரை, யார் கொளுத்தினார்கள் என்று ஆளுக்கொரு கதை. உடனே ஊர் கூடி முடிவெடுத்தது: காலனியிலிருந்து ஒருத்தரும் ஊருக்குள் வரக்கூடாது, ஊரிலிருந்து ஒருத்தரும் அந்தப் பக்கம் போகக்கூடாது. கூட்டத்தில் கை தூக்கினவர்களில் நாராயணசாமியும் ஒருத்தர். பின்கட்டில் ஒருத்தி கிடக்கிறாளே, அவளுக்கு யார் என்று அங்கே எழுந்து கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

அடுத்த நாள் காலையில் ஜெயம்மாள் கொட்டாய்ப் பக்கம் காதை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மாடு கத்தியது. வெயில் ஏறியது. பாப்பாத்தி வரவில்லை. கீழே நனைந்தது, காய்ந்தது, மறுபடி நனைந்தது. ராதிகா மூக்கில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். இடுப்பைப் புரட்டப் பார்த்தாள், முடியவில்லை. குமட்டிக்கொண்டு வெளியே ஓடினாள். திரும்பி வந்தாள், அழுதுகொண்டே ஒரு பக்கம் மட்டும் துடைத்தாள். நாராயணசாமி நிலைப்படிக்கு வெளியே நின்று, "இன்னாம்மா, ஆச்சா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்.

மறுநாளும் அப்படியேதான். முதுகில் தோல் உரிந்து எரிந்தது. முடியெல்லாம் தலைக்கடியில் நனைந்து கட்டிக்கொண்டது, பேன் அரித்தது, சொறிய இடது கை போகாத பக்கத்தில்தான் அதிகமாக அரித்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் செவுரு. ஊரைச் சுற்றி மரம் வெட்டிப் போட்டு ஒருத்தரும் வெளியே போக முடியாமல் கிடந்தது. ஊருக்குள் அந்த வீடு. வீட்டுக்குள் அந்த அறை. அறைக்குள் பாதி செத்த அந்த உடம்பு. அதற்குள்ளேதான் ஜெயம்மாள் இருந்தாள், முழு உயிரோடு.

மத்தியானம் ராதிகா கத்தரிக்கோலோடு வந்தாள்.

"அத்த, கோவிச்சுக்காதீங்க. என்னால முடியலத்த."

ஜெயம்மாள் இடது கையால் முடியைச் சுருட்டிப் பிடித்தாள். ராதிகா விரலைப் பிரிக்கப் பார்த்தாள். நடவுக்கும் அறுப்புக்கும் பழகிய கை, பிரியவில்லை. இரண்டு பேரும் அழுதார்கள். ராதிகா கத்தரிக்கோலை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு வெளியே போய் நாராயணசாமியிடம் முதல் தடவையாகச் சத்தம் போட்டாள்.

"நீங்களே போய் அவள இட்டாங்க மாமா. இல்லன்னா நீங்க வந்து கழுவுங்க."

நாராயணசாமி போனார். காலனிக்கும் ஊருக்கும் நடுவில் உள்ள ஓடைக்கு இந்தக் கரையிலேயே நின்று கூப்பிட்டார். பாப்பாத்தி அந்தக் கரையில் வந்து நின்று பதில் சொன்னாள். அவர் திரும்பி வந்து கூடத்தில் அன்புச்செல்வனிடம் சொன்னது பின்கட்டு வரை கேட்டது.

"பின்பக்கம் வர மாட்டாளாம்டா."

"ஏனாம்?"

"வக்கப்போரு பக்கத்துல காலனிக்காரி நின்னா கொளுத்த வந்தான்னு சொல்லுவாங்களாம். ஊரு கீற நெலமைல அங்கயே வச்சு அடிச்சுடுவாங்கன்றா. பகல்ல, தெரு வழியா, நாலு பேரு பாக்க, நான் கூட வந்தா வாசல் வழியா வராளாம்."

"நல்லா கீது. இதான் சமயம்னு வாசலக் கேக்குறாளா?" என்றான் அன்புச்செல்வன்.

பாப்பாத்தி வாசலைக் கேட்கவில்லை, உயிரைக் கேட்டாள். வைக்கோல் போர் ஓரமாக ஒளிந்து வா என்று இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லிப் பழக்கியது இவர்கள்தான். இப்போது ஒளிந்து வருகிறவர்கள்மேல் சந்தேகப்படுகிறவர்களும் இவர்கள்தான். அப்படியிருக்க அவள் வேறு எப்படி வருவாள்? இது அப்பனுக்கும் புரிந்தது, பிள்ளைக்கும் புரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம்? பாப்பாத்தியோடு தெருவில் நடந்துவர நாராயணசாமிக்குக் கால் எழவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம், மரம் வெட்டினவர்களைத் தேடிப் போலீஸ் வருகிறதென்று தகவல் வந்தது. ஆம்பிளைகள் அத்தனை பேரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மலைப் பக்கம் ஓடினார்கள். அன்புச்செல்வனும் நாராயணசாமியும் ஓடினார்கள். கல்வராயன் மலை அன்றைக்கு நிறையப் பேருக்குப் புகலிடம். விடிந்தபோது தெருவில் மீசை வைத்த ஆளே கிடையாது.

ராதிகா பின்கட்டுக்கு வந்தாள். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். ஜெயம்மாளின் கை முடிக்குப் போனது. ராதிகா வெட்ட வரவில்லை. கத்தரிக்கோலை ஒரு கையில் தூக்கிக் காட்டினாள், இன்னொரு கையை வாசல் பக்கம் நீட்டினாள். பாப்பாத்தி கேட்பதைக் கதவோரம் நின்று எத்தனை தடவை பார்த்திருப்பாளோ.

"அத்த, இதுவா? இல்ல, பாப்பாத்திய வாசல் வழியா இட்டுக்கினு வரட்டா?"

ஜெயம்மாள் உடனே கையை நீட்டிவிட்டாள் என்று சொன்னால் அது பொய். அவளுக்குத் தெரு ஞாபகம் வந்தது. எதிர்வீட்டு ராணியம்மாள் பார்ப்பாள், கோடிவீட்டுக்காரி பார்ப்பாள். எந்த வாசலில் ஈர முடியோடு நின்று அதிகாரமாகப் பேசினாளோ அந்த வாசலில் பாப்பாத்தி கால் வைப்பாள். அதற்கப்புறம் இந்தத் தெருவில் தன் பேச்சு எடுபடாது. எடுபடுவதற்குப் பேச்சு எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தோன்றியது. முடியை விட்டாள். கை வாசல் பக்கத்தைக் காட்டியது.

ராதிகா வயிற்றைத் தாங்கிக்கொண்டு தெருவில் நடந்தாள். பாப்பாத்தியோடு திரும்பி வந்தாள், நல்ல வெயிலில், தெரு நடுவில். கதவு இடுக்குகளில் பெண்கள் நின்றார்கள். ஒருத்தியும் தடுக்கவில்லை, தடுக்கச் சொல்ல ஆம்பிளை இல்லை. ஜெயம்மாள் கட்டிலில் கிடந்து கேட்டாள்: காலடி கொட்டாய்ப் பக்கமிருந்து வரவில்லை, வாசல் நடை, கூடம், அடுக்களை தாண்டி வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

பாப்பாத்தி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். தூக்கினாள், கழுவினாள், புண்ணில் எண்ணெய் வைத்தாள். உட்காரவைத்துப் பின்னால் சாய்ந்துகொள்ளத் தன் நெஞ்சைக் கொடுத்துவிட்டு, முடியை நாலாகப் பிரித்து விளக்கெண்ணெய் தடவி நுனியிலிருந்து சிக்கெடுத்தாள். மதியம் வரை எடுத்தாள். ஜெயம்மாள் அந்த நெஞ்சில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். கண் விழித்தபோது ராதிகா செம்போடு நின்றுகொண்டிருந்தாள்.

"தெளிக்கட்டாத்த? வேணாவா?"

இடது கை செம்பைத் தள்ளியது. மஞ்சள் தண்ணீர் தரையில் ஓடியது. பாப்பாத்தி குனிந்து துடைக்கப் போனாள், ராதிகா அவளை நிறுத்தித் தானே துடைத்தாள்.

அடுத்து ஜெயம்மாள் வாசல் பக்கம் காட்டினாள். இரண்டு பேரும் கட்டிலை இழுத்துக் கூடத்தில், தெருக்கதவுக்கு நேராகப் போட்டார்கள். சித்திரைக்கு அப்புறம் அவள் தெருவைப் பார்த்தது அன்றைக்குத்தான். கூரைகளுக்கு மேலே மலை தெரிந்தது.

மறியல் முடிந்து மரங்களை ஓரமாக இழுத்துப் போட்டார்கள், பஸ் ஓடியது, காலனிக்காரர்கள் வரக்கூடாது என்ற கட்டுப்பாடும் தளர்ந்தது. ஆம்பிளைகள் முள் கிழித்த காலோடு திரும்பினார்கள். நாராயணசாமி வீட்டுக்கு வருமுன்னே தெரு அவரைப் பிடித்துக்கொண்டது. "நாம மலைல கெடக்குறோம், ஒன் வூட்டுல வாசல் வழியா யாரு வரா போறான்னு தெரியுமாய்யா?" என்று பெரிய தலைகள் கேட்டார்கள். அவர் தலை குனிந்து வந்தார். வந்ததும் கட்டிலைப் பின்கட்டுக்கு இழுக்கச் சொன்னார். அன்புச்செல்வன் இழுத்தான். ஜெயம்மாள் நிலைப்படியை இடது கையால் பிடித்துக்கொண்டாள். மகன் விரலைப் பிரித்தான். அவனுக்குப் பிரிந்தது.

மறுநாள் பாப்பாத்தி தெரு வழியாகவே வந்தாள். நாராயணசாமி வாசலில் மறித்தார்.

"இனிமே பழையபடி பின்னால வந்துடு."

பாப்பாத்தி யோசித்தாள். "நீங்க கூப்புட்டா பின்னால வர மாட்டங்க. அம்மா கூப்புட்டா எந்த வழியா வேணா வரன். அவங்களயே கேளுங்க" என்றாள். திரும்பிப் போய்விட்டாள்.

அவர் கேட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆன கல்யாணத்தில் அவர் பொண்டாட்டியை விருப்பம் கேட்டது அன்றைக்குத்தான். பின்கட்டில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ராதிகா கதவோரம் நின்றாள். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"இதோ பாரு. ஒன்ன கேக்காம செஞ்சன்னு வேணாம். நீ சொன்னா பாப்பாத்தி பின்பக்கமா வருவாளாம். வந்தா முடி இருக்கும், எல்லாம் இருக்கும். இல்லன்னா இந்தப் பொண்ணால முடியாது, கத்தரிச்சுடத்தான் வேணும். பின்பக்கமா, கத்தரியா? நீயே காட்டு."

பதில் அவருக்குத் தெரியும் என்றுதான் கேட்டார். இந்த முடிக்காக அவள் உயிரை விடுவாள் என்று ஊருக்கே தெரியுமே.

ஜெயம்மாள் ஜன்னலைப் பார்த்தாள். பசுவின் முதுகு, வைக்கோல் போரின் மூலை. கை காட்டினால் போதும், நாளைக்கே பாப்பாத்தி அந்தப் போர் ஓரமாகப் பதுங்கிப் பதுங்கி வருவாள். இவளுக்காக வருவாள். வந்து, தூக்கி, கழுவி, சீவிவிட்டுப் போனதும் முகத்தில் மஞ்சள் தண்ணீர் விழும். இவளுக்குப் பின்னல் இருக்கும். ஒருநாள் எவனாவது ஒருத்தன் பாப்பாத்தியை அந்த மூலையில் பார்த்துக் கூச்சல் போடுவான். அவளைக் கூப்பிட வேண்டும்போல் ஜெயம்மாளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவளை எந்த வழியாகக் கூப்பிடச் சொல்கிறார்கள் என்பதுதான் தாங்கவில்லை.

இடது கை எழுந்தது. ஜன்னல் மேடையில் இருந்த கத்தரிக்கோலைக் காட்டியது.

"சரியா பாத்துக் காட்டு" என்றார் நாராயணசாமி.

கை மாறவில்லை. அவர் முக்காலியை விட்டு எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். "சுமங்கலிடி நீ" என்றார். கை அப்படியே நின்றது. ராதிகா அழுதபடி கத்தரிக்கோலை எடுத்தாள். முடி தடிப்பாக இருந்ததால் கொத்துக் கொத்தாக வெட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு கொத்தையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் மாமனார் மடியில் வைத்தாள். ஜெயம்மாள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கண்ணீர் மட்டும் காதுக்குள் இறங்கியது.

தெரு சும்மா இருக்குமா? ராணியம்மாள் வந்து பார்த்துவிட்டு வாயில் அடித்துக்கொண்டாள். புருஷன் உயிரோடு இருக்கும்போது இப்படி ஒரு கோலம் பண்ணியிருக்கிறானே பாவி என்று பெண்கள் பேசினார்கள். டீக்கடையில் ஆம்பிளைகளும் கேட்டார்கள், வாசல் வழி வந்ததற்குக் கண்டித்தவர்களே கேட்டார்கள்.

"அவதாம்பா கேட்டா. நான் கேட்டன், கையக் காட்டினா" என்றார் நாராயணசாமி.

ஒருத்தரும் நம்பவில்லை. பேச்சு இல்லாதவள் எப்படிக் கேட்பாள், எந்தப் பொம்பளை இதைக் கேட்பாள், பொய் சொல்கிறான் என்றார்கள். அவர் வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தார். உண்மையைச் சொல்லியும் எடுபடாமல் போவது என்றால் என்னவென்று அவருக்கு அந்த ஐப்பசியில்தான் தெரிந்தது. அப்புறம் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டு, வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தார். பின்கட்டில் ராதிகாவும் அவருமாக, தெரியாத கையோடு, ஜெயம்மாளைப் புரட்டினார்கள். வலித்தாலும் அவள் முனகுவதைக் கஞ்சி கேட்பதாக இப்போது அவர் சொல்வதில்லை.

பேச்சு காலனிக்கும் போனது. கரும்பில் காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்த பெண்கள் அதைச் சொல்லி நாராயணசாமியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பாப்பாத்தி கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"எந்தக் கையால காட்டினாங்கன்னு சொன்னாரு?"

"எடது கையாலயாம். பொய்யப் பாரு."

"பொய்யில்ல" என்றாள் பாப்பாத்தி.

மறுநாள் காலையில் அவள் தெருவில் வந்தாள், தனியாக. கூட வர ராதிகா இல்லை, கூப்பிட ஆள் இல்லை. தெருவில் இப்போது எல்லா வீட்டிலும் ஆம்பிளைகள் இருந்தார்கள், பார்த்தார்கள். வாசற்படியில் நாராயணசாமி நிலைக்கு நிலை காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பாப்பாத்தி அவருக்கு எதிரே வந்து நின்றாள். அவர் அவளைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்துக் காலை மடக்கிக்கொண்டார்.

பின்கட்டில் படுத்திருந்த ஜெயம்மாளுக்குத் தெருப் பக்கமிருந்து வருகிற காலடி கேட்டது. யார் என்று தெரிந்தது. இடது கையால் முந்தானையை இழுத்து அவசரமாகத் தலையை மூடிக்கொண்டாள்.